இரண்டு முறையும் எட்டு

மதுரை,
12.02.2024

அன்புள்ள மதினிக்கு,

பிருந்தா எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள். மிளகாய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். இந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சுழி முகாமுக்கு வந்த நம்ம ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கூரியரில் தாள்கள் இருக்கின்றன. அன்றைக்குக் கேட்ட அதே கேள்விகள்தான். தோளில் வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. தலை சீவும்போது எவ்வளவு, முதுகு தேய்க்கும்போது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரவரை நிரப்பச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். முதல் தடவை என்ன சொன்னார்கள் என்று மட்டும் ஞாபகப்படுத்தக் கூடாது.

கேட்டதையே எதற்குத் திரும்பக் கேட்கிறாள் என்று சிரிப்பார்கள். வலி மாறாத ஒருவர் இன்றைக்கு ஒன்றும் இரண்டு வாரம் கழித்து வேறொன்றும் சொன்னால், நான் தமிழில் எழுதிய கேள்வியை நம்ப முடியாது என்று அர்த்தம். நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் என் பிசியோதெரபி முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சியே. அதனால் இரண்டாவது தாளை எழுதும்வரை யாரும் புதிதாக வைத்தியம் எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். முக்கியமாக நீங்கள். யாரோ கட்டுப் போடுகிறவரிடம் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதாக அண்ணன் சொன்னார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். முகாமில் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் கதை சொல்ல ஆரம்பித்ததில் வரிசை வாசல்வரை போய்விட்டது. என் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அன்புடன்,
பிருந்தா


திருச்சுழி அருகே, நம்ம ஊர்,
26.02.2024

அன்புள்ள பிருந்தாவுக்கு,

மதினி எழுதுவது. தாள்களை எல்லாம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கப் பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது வலி எவ்வளவு என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறாய். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற முருகேஸ்வரி, "சேலைக்கு ஏதுக்கா பின்னாடி பையி? உங்க நாத்தனா நம்மளைப் பேண்ட்டு போடச் சொல்லுதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த இடத்தில் ஆளாளுக்கு ஓர் எண்ணைச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

இப்போது என் கதை. வரிசை நீண்டாலும் பரவாயில்லை, இதை வாசி.

என் இடது கை வலிப்பது மட்டும் இல்லை பிருந்தா. வெளிப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் ஏந்தி முகம் கழுவ முடியவில்லை. உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. தாளில் இதை எங்கே எழுதுவது என்று தேடினேன், இடம் இல்லை. எட்டு என்று போட்டுவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்ப்போம் என்று உன் அண்ணனிடம் சொன்னால், "டாக்டரு நம்ம வீட்டுலயே இருக்கு. அது பொறுன்னு சொல்லியிருக்கில்ல, அப்புறம் என்ன டவுனுக்கு ஓடுற?" என்கிறார். உனக்குப் போன் செய்தால் வகுப்பில் இருக்கிறேன் என்கிறாய். நீ முகாமில் ஒரே ஒரு தடவை இந்தக் கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். தாள்தான் எழுதிக் கொடுத்தாயிற்றே, இனிமேலாவது நான் டாக்டரிடம் போகலாமா? அண்ணனிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தங்கலட்சுமி


மதுரை,
04.03.2024

அன்புள்ள மதினிக்கு,

தாள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. மிகவும் நன்றி. உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. உங்கள் பதில்கள் இரண்டு முறையும் அப்படியே பொருந்துகின்றன. மொத்த வலிக்கு அன்றைக்கும் எட்டு, இன்றைக்கும் எட்டு. தலை சீவுவது, முதுகு தேய்ப்பது எல்லாமே அப்படித்தான். என் கைடு உங்கள் தாளைப் பார்த்துவிட்டு, "இப்படி நாலு பேர் கிடைத்தால் போதும்" என்றார். உங்கள் ஊர்க்காரர்கள் சிலரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. முருகேஸ்வரியின் பதில் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் சம்பந்தமே இல்லை. கேள்வி அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

உங்கள் கைக்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். கை வெளிப்பக்கம் திரும்பாமல் போவதுதான் அதன் அடையாளம். பயப்பட ஒன்றுமில்லை, நாளாக ஆகச் சரியாகிவிடும். அருப்புக்கோட்டைக்கு அலைந்து ஊசி, மாத்திரை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிகளைப் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். உங்கள் கையைப் பிடித்துத் தள்ளிவிடும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வலிக்கும்தான். கத்தினாலும் விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள்,
பிருந்தா


நம்ம ஊர்,
02.04.2024

பிருந்தா அவர்களுக்கு,

தங்கலட்சுமி எழுதுவது.

நீங்கள் அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, உங்கள் அண்ணன் காலையிலும் சாயந்தரமும் என் கையைத் தள்ளினார். நான் கத்தினேன். நீங்கள் சொன்னபடியே அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் தாங்கினேன்.

அதற்கு மேல் முடியவில்லை. அவர் களத்துக்குப் போன நேரம் பார்த்து, முருகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். எலும்பு டாக்டர் ஓர் அம்மா. தாள் எதுவும் கொடுக்கவில்லை. ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லி, பின்பக்கம் வந்து நின்று, இரண்டு தோளையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, கரண்டு எதும் அடிச்சுச்சா? இல்ல, வலிப்பு வந்துச்சா?" என்றார். நான் அழுதுவிட்டேன். கரண்டு அடித்தது என்று சொன்னேன்.

கரண்டு அடிக்கும்போது சதை சுருட்டி இழுத்து, கை எலும்பின் உருண்டை குழியை விட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுமாம். முன்னாலிருந்து எடுத்த படத்தில் சரியாக இருப்பது மாதிரிதான் தெரிந்தது. பக்கவாட்டில் எடுத்த படத்தில்தான் விலகி நின்றது. "அடிபட்ட புதுசுல வந்திருந்தா, மயக்கம் குடுத்து கையாலேயே இழுத்து உள்ள தள்ளியிருப்போம். இப்ப எலும்பு பள்ளம் விழுந்து அங்கேயே செட் ஆயிருச்சு. கிழிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

மதுரையில் கிழித்தார்கள். உங்கள் கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நான் படுத்திருந்தேன். நீங்கள் ஒரு நாள் சாயந்தரம் வந்து, வராந்தாவிலேயே உங்கள் அண்ணனிடம் பேசிவிட்டுப் போனீர்கள். உங்கள் குரல் கேட்டது. உள்ளே வருவீர்கள் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி இந்தக் கை தலைக்கு மேலே போகாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் எட்டு என்று நான் சொன்னது எதனால் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலும்பு இடம் மாறி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அதனால் வலியும் மாறவில்லை. அது உங்களுக்குச் சந்தோஷமான செய்தியாக இருந்தது.

முகாமில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். விலகுகிறேன். என் தாள் இரண்டையும் உங்கள் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ப. தங்கலட்சுமி


மதுரை,
10.04.2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

முகாம், வைத்தியம் பார்க்கும் முகாம் இல்லை. ஆராய்ச்சிக்காகக் கூட்டியது. அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது, அதுவும் வாசித்துக் காட்டப்பட்டது. வந்தவர்கள் அத்தனை பேரின் தோளையும் பிடித்துப் பார்ப்பது அன்றைக்கு என் வேலை இல்லை. உங்களுக்குக் கரண்டு அடித்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "மோட்டார் ரூம்கிட்ட வழுக்கி விழுந்துட்டா" என்று அண்ணன் சொன்னார். நீங்கள் மறுக்கவில்லை. வழுக்கி விழுந்து, அதற்குப் பிறகு தோள் இறுகினால், அதை இறுக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முகாமுக்கு வருவதற்கு முன்னால் பத்து நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பத்து நாளையும் என் கணக்கில் எழுதுவீர்களா?

பயிற்சி அனுப்பியது உங்கள் மேல் உள்ள அக்கறையில். அது தப்பாகப் போயிற்று. ஆனால் நான் உங்களைக் கெடுக்கத் திட்டம் போட்ட மாதிரி நீங்கள் ஊரில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாலவனத்தத்திலிருந்து என் கூடப் படித்தவள் போன் போட்டு, "என்னடி, உங்க மதினி கையை நீதான் முடமாக்கிட்டியாமே?" என்று கேட்கிறாள். நாளைக்கு இந்த ஜில்லாவில்தான் நான் தொழில் செய்ய வேண்டும். நான் கல்யாணம் வேண்டாம், மேலே படிக்கிறேன் என்றபோது இந்த வீட்டில் முகத்தைச் சுளித்த முதல் ஆள் நீங்கள். அந்தப் படிப்பைக் கவிழ்க்க இப்போது உங்களுக்கு ஒரு கை கிடைத்திருக்கிறது.

தாளைப் பற்றி. கணக்கீடு முடிந்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் ஒருவரை எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். உங்கள் பெயர் எங்கேயும் வராது, வெறும் எண்தான். அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பிருந்தா


நம்ம ஊர்,
18.04.2024

பிருந்தா அவர்களுக்கு,

நான் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருந்தால் நான் எழுதுகிறேன்.

மோட்டார் ரூமில் ஒரு வயர் உரிந்து தொங்கியது. டேப் சுற்றுங்கள் என்று தைப்பொங்கலுக்கு முன்பிருந்தே உங்கள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சுற்றவில்லை. மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச நான் போய் சுவிட்ச் போட்டபோது பிடித்துக்கொண்டது. உதறி விழுந்தபோது கை போய்விட்டது. வெளியே தெரிந்தால் அவருக்கு அசிங்கம். ஈ.பி.க்காரன் வந்தால் லைனைப் பிடுங்குவான் என்ற பயம். அதனால் எல்லோரிடமும் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார். அந்தப் பத்து நாள் எண்ணெய் தேய்த்தது அதனால்தான். அந்தப் பத்து நாளை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

முகாமில் நீங்கள், "எப்ப இருந்து வலி?" என்றீர்கள். அவர் வழுக்கி விழுந்தாள் என்றார். நான், "இல்ல பிருந்தா, அன்னைக்கு மோட்டாரு போடப் போனேன், கரண்டு..." என்று ஆரம்பித்தேன். அவர் என் முழங்காலில் தட்டினார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "மதினி, கதை வேண்டாம், நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அவர் தட்டினால் அதையும் மீறிப் பேசத் தெரிந்தவள்தான் நான். இரண்டு பக்கமும் தட்டினால் என்ன செய்ய? எட்டு என்று சொன்னேன்.

நீங்கள் படிக்கக் கூடாது என்று நான் முகம் சுளித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவர்கள் வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றது நான். அதற்குச் சுளித்தேன். சுளிக்கத்தான் செய்வேன்.

என் பெயர் வராது, எண்தான் என்கிறீர்கள். அந்த எண்தான் எனக்கு வேண்டாம். கேள்வி நன்றாக இருக்கிறது, நம்பலாம் என்று சொல்வதற்கு என் எட்டு சாட்சிக்கு நிற்கக் கூடாது. எடுக்காவிட்டால் உங்கள் கல்லூரிக்கே எழுதுவேன். எழுத வலது கை இருக்கிறது.

இதையும் வாசியுங்கள். முருகேஸ்வரியை, கேள்வி புரியாதவள் என்று எழுதியிருந்தீர்கள். நடக்கும்போது தோள் வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று அன்றைக்கு பஸ்ஸில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், "உங்க நாத்தனா எழுதிக்கிட்டுப் போயிருக்குல்ல, ஏதாச்சும் இருந்தா சொல்லும்" என்கிறாள். உங்களை நம்பிக்கொண்டு இருக்கிறாள். என்னைப் பார்க்க வர வேண்டாம். அவளைப் போய்ப் பாருங்கள்.

ப. தங்கலட்சுமி


மதுரை,
20.05.2024

மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே முருகேஸ்வரியைப் போய்ப் பார்த்தேன். அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்தேன். தோளில் ஒன்றும் இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். போன வாரம் ஆபரேஷன் முடிந்து, இப்போது வார்டில் எழுந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். முதல் தடவை மூன்று சொன்னார், அன்றைக்கு ஆட்டோவில் வந்திருந்தார். இரண்டாம் தடவை ஏழு சொன்னார், கரிமூட்டத்திலிருந்து நேராக நடந்து வந்திருக்கிறார். கேள்வி அவருக்குப் புரிந்துதான் இருந்தது. எனக்குத்தான் பதில் புரியவில்லை.

பிறகு மற்ற ஊர்க்காரர்களையும் வீடு வீடாகப் போய், கையால் தொட்டுப் பார்த்து முடித்தேன். உங்கள் தாள்களை எடுத்துவிட்டேன். கைடுக்குக் கோபம். என்ன நடந்தது என்று அவரிடம் முழுவதும் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போடுகிறோம். நீங்கள் மிரட்டியதால் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முதலில் மறுத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். வயரை உரிய விட்டு, பொய்யும் சொல்லி, உங்கள் கையைக் கெடுத்தது அவர்தான். இனி அவரோடு எனக்குப் பேச்சு இல்லை, அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் தெருவுக்கு வந்தும் வீட்டுக்குள் வராததற்கு அதுதான் காரணம். உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

பிருந்தா


நம்ம ஊர்,
08.07.2024

பிருந்தா அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோயில் காரியம், அதனால் எழுதுகிறேன்.

முருகேஸ்வரி ஊருக்கு வந்துவிட்டாள். கரிமூட்டத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தெருவையே அதட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் சண்டைக்குப் போகிறாள். என்னிடமும் வந்தாள். அவளுக்கு நீங்கள் செய்தது அவளுக்கு. எனக்குச் செய்தது எனக்கு. இரண்டையும் நான் கழித்துக்கொள்ள முடியாது.

உங்கள் அண்ணனோடு பேச மாட்டேன் என்று எனக்காகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நான் கேட்டேனா? பழியை மொத்தமாக அவர் தலையில் ஏற்றிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்பதற்காக வயர் சங்கதியை நான் எழுதவில்லை. அவரை நான் கேட்டுக்கொள்வேன். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மோட்டார் ரூமுக்குப் புதிதாக வயர் இழுத்துவிட்டார். அந்தப் பக்கமே நான் போவதில்லை, அவர்தான் போகிறார். உங்கள் போனுக்குப் பிறகு ஒரு வேளைதான் சரியாகச் சாப்பிடுகிறார். ராத்திரி தட்டை வைத்துவிட்டு, "பிருந்தா எதும் எழுதுச்சா?" என்பார். இல்லை என்பேன்.

ஆடி இரண்டாம் செவ்வாய் நம்ம தெரு அம்மனுக்குப் பொங்கல். நம்ம வீட்டு முளைப்பாரியை நான் வந்த வருடத்திலிருந்து நான்தான் எடுக்கிறேன். இந்த வருடம் என்னால் முடியாது. தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், இடது கை காதுக்கு மேலே போகவில்லை. வேறு வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்று உங்கள் அண்ணன் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் பிறந்த பெண் இருக்கும்போது எதற்கு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்?

முளைப்பாரி வளர்க்க மண் ஓடு வாங்கி வைத்துவிட்டேன். விதை ஊற வைத்து, காப்புக் கட்டியதும் நானே போட்டுவிடுவேன். அதுவரைக்கும் ஒரு கை போதும். பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை சாயந்தரம் திருச்சுழியில் இறங்கினால் அண்ணன் வண்டியோடு நிற்பார். வந்தால் சோறு இருக்கும், பாய் இருக்கும். என்னிடம் பேச்சு எதிர்பார்க்காதீர்கள். மன்னிப்பு கேட்கும் எண்ணம் இருந்தால் அதை மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், எனக்கு அதைக் கேட்க இப்போது தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டைத் தூக்கி உங்கள் தலையில் வைக்க என் கை வராது, முருகேஸ்வரி வைப்பாள். கரைக்கிற கம்மாய்வரைக்கும் இறக்காமல் கொண்டுபோக வேண்டும். வெயிலாக இருக்கும், கழுத்து வலிக்கும். நான் பின்னாலேயே நடந்து வருவேன்.

ப. தங்கலட்சுமி